ரஷ்ய வைக்கோல் பெண்ணுக்கு நாங்கள் வைத்த பொட்டு

யாழினி, முகிலா,

"உங்க அப்பா துபாய்ல என்ன வேலை பார்க்கிறார்?" என்று டீச்சர் கேட்டதற்கு, முகிலன் எழுந்து நின்று "லைட் பிடிக்கிறார்" என்றானாம். வகுப்பே சிரித்ததாம். உங்கம்மா போனில் சொன்னாள். நானும் சிரித்தேன்.

முகிலா, நீ சொன்னதில் தப்பே இல்லை. அல் கூஸில் போட்டோ ஸ்டுடியோ ஒன்றில் நான் அசிஸ்டென்ட். போட்டோ எடுப்பவர் கேமராவைப் பிடிப்பார். மற்றதையெல்லாம் நான் பிடிப்பேன். லைட், குடை, வெளிச்சத்தைத் திருப்பிவிடும் ரிஃப்ளெக்டர் என்ற வெள்ளைத் தட்டி, காற்றில் சாயும் ஸ்டாண்டு, சில நாள் கல்யாணப் பெண்ணின் செருப்பு. பத்தாவது படித்தவனுக்கு இது நல்ல வேலை. ஆனால் இந்த வேலையில் என்னவெல்லாம் நடக்கும் என்று நீங்கள் வகுப்பில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அதனால் ஒரு கதையை எழுதி அனுப்புகிறேன். டீச்சரிடம் காட்டுங்கள்.

ஓலை இல்லாத குருத்தோலை ஞாயிறு

வேரா மேடம் முதல்முதலாக எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்தபோது, சலவைக்காரர் துணி கொண்டுவந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். தோளில் அவ்வளவு பெரிய மூட்டை. ஒரு கையில் ஊன்றுகோல். மூட்டையைப் பிரித்தால், சிவப்பு நூலில் பூவேலை செய்த துண்டுகளும், அவற்றுக்கு நடுவில் பத்திரமாக வைத்த போட்டோக்களும்.

அவர் ரஷ்யாக்காரர். பல வருஷமாக அங்குள்ள கிராமங்களுக்குப் போய், ஜனங்கள் இன்றைக்கும் விடாமல் செய்யும் சடங்குகளைப் படம் எடுக்கிறவர். மேசையில் ஒவ்வொன்றாகப் பரப்பினார். ஒரு படத்தில், உறைந்துபோன ஆற்றைச் சிலுவை வடிவில் வெட்டி, அந்தத் தண்ணீரில் ஒருவர் முங்கி எழுகிறார். தாடியில் ஐஸ் தொங்குகிறது. இன்னொன்றில் வெங்காயச் சருகு போட்டு அவித்த முட்டைகள், செம்மண் நிறத்தில். இன்னொன்றில் வீட்டு மூலையில் சாமி படம், அதன்மேல் அந்தப் பூவேலைத் துண்டைச் சாத்தியிருக்கிறார்கள்.

"இது குருத்தோலை ஞாயிறு" என்று ஒரு படத்தைக் காட்டினார். எல்லார் கையிலும் ஏதோ பஞ்சு மொட்டு வைத்த குச்சி.

"ஓலை எங்கே மேடம்?"

"பனியில் ஓலைக்கு எங்கே போவது? எங்களுக்கு இந்தக் குச்சிதான் ஓலை" என்றார். அவர் பேசியது இங்கிலீஷ். நான் தமிழில் எழுதுகிறேன்.

என் பக்கத்தில் முருகேசன் அண்ணன் நின்றார். உங்களுக்குப் பெரியப்பா. பரமக்குடிப் பக்கம். எங்கள் ஸ்டுடியோவில் செட் போடும் கார்பென்டர், நாங்கள் தங்கும் கேம்பில் எனக்கு மேல் கட்டில். அவர் ஐஸ் தண்ணீரில் முங்கும் ஆளையே பார்த்துக்கொண்டிருந்தார். "மார்கழிக் குளியலுக்கு வெந்நீர் போடுன்னு நான் எங்க வீட்ல போட்ட சண்டையெல்லாம் இப்ப நினைச்சா வெக்கமா இருக்குடா" என்றார்.

கடைசியாக ஒரு படம். வெள்ளை வெளேரென்று பனி. நடுவில் பாவாடை கட்டி, தலையில் முக்காடு போட்ட ஒரு வைக்கோல் பெண். சுற்றிலும் ஜனங்கள் கைகோத்து ஆடுகிறார்கள். அந்தப் பண்டிகைக்கு மஸ்லெனித்ஸா என்று பெயர். குளிர்காலம் முடியும்போது ஒரு வாரம் முழுக்க, நம் தோசை மாதிரி ஒன்றைச் சுட்டுச் சுட்டு வெண்ணெய் தடவித் தின்பார்களாம். ஞாயிற்றுக்கிழமை இந்த வைக்கோல் பெண்ணை நிறுத்திவைத்து எரிப்பார்களாம். குளிர் அவளோடு போய்விடும். மறுநாளிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின பெரிய நோன்பு.

"என் புத்தகம் இந்தப் படத்தில்தான் தொடங்குகிறது" என்றார் மேடம். "கடைசிப் பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். பனியில் நிற்கும் இவள் மணலில் எரிந்து முடியவேண்டும். இங்கே இருக்கும் எங்கள் ஆட்களே எரிக்கவேண்டும். பிரஸ்காரர் இந்தப் பண்டிகை வரைக்கும்தான் பொறுப்பார். இதை விட்டால் அந்தப் பக்கம் வெறும் வெள்ளைதான்."

அல் அவீரில் ஓர் அர்பாப், அதாவது அரபி முதலாளி, தன் தோட்டத்தில் தீ வைக்க அனுமதி வாங்கிக் கொடுத்திருந்தார். படம் எடுக்க எங்கள் லைட் வேண்டும், ஆள் வேண்டும். வைக்கோல் பெண்ணைச் செய்யத்தான் ஆள் இல்லை.

நான் வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "பொம்மையை நாங்க செஞ்சு தர்றோம் மேடம்" என்றேன்.

லட்சணம்

மாட்டுத்தீவனக் கடையில் வைக்கோல் கட்டு வாங்கினோம். இரண்டு சட்டத்தைக் குறுக்காக அடித்து எலும்புக்கூடு செய்தார் முருகேசன் அண்ணன். அதில் வைக்கோலைச் சுற்றிச் சுற்றிக் கட்டினோம். மேடம் கொடுத்த பாவாடைக்குள் அடங்குகிற மாதிரி ஒல்லியாகத்தான் ஆரம்பித்தோம். ஆனால் அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை.

"என்னடா இது, சம்பளம் வராத ஆள் மாதிரி இருக்கா? கொஞ்சம் சதை வை."

சதை வைத்தோம். தோள் வைத்தோம். பாவாடை இடுப்புக்கு ஏறவில்லை. கராமாவுக்குப் போய் ஒரு சிவப்புச் சேலை வாங்கிவந்து உள்ளே சுற்றி, பாவாடையைப் பக்கவாட்டில் பிரித்து அதன்மேல் கட்டினோம். மேலே ரஷ்யா, கீழே கராமா.

வேலையைப் பார்க்க வந்த மேடம் வாய்விட்டுச் சிரித்தார். "கொஞ்ச நேரத்தில் எரிந்துபோகிறவளுக்கு இவ்வளவு வேலையா?"

அண்ணனுக்கு நான் மொழிபெயர்த்தேன். அவர் ஆணியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார். "எரியறதுக்கும் ஒரு லட்சணம் வேணும்னு சொல்லு."

இதைக் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள். எரிக்கப் போகிறார்கள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்தது. அண்ணன் முகம் வரைந்தார். மூக்கு, வாய், புருவம் எல்லாம் வரைந்துவிட்டு, கண்ணைக் கடைசியில் எழுதினார். கண்ணை எழுதியதும் அவள் எங்களைப் பார்த்தாள். அண்ணன் பிரஷைக் கழுவிவிட்டு அலமாரியிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்து அவள் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தார். நான் எலுமிச்சம்பழத்தைக் கோத்துக் கழுத்தில் கட்டினேன். வாசலுக்குத் தூக்கிப்போய்ச் சூடம் காட்டினோம். உள்ளே காட்டினால் கூரையில் இருக்கும் ஃபயர் அலாரம் ஊரைக் கூட்டிவிடும். எங்கள் முதலாளி ஷாஜி சார் காரைவிட்டு இறங்கி வந்து, அவரும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனார்.

யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் ஸ்டுடியோவுக்கு எது புதிதாக வந்தாலும் இதுதான் நடக்கும். புது பிக்கப்புக்கு நடந்தது. புது பிரின்டருக்கு நடந்தது. கை தானாகச் செய்துவிட்டது.

கை அசைத்தவள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளை பிக்கப்பில் ஏற்றினோம். படுக்கவைத்தால் தலை நசுங்கும் என்று நிற்கவைத்துக் கட்டினோம். பின்னால் ஆள் உட்கார்ந்தால் ஃபைன் என்பதால் அவள் மட்டும் தனியாக நின்றாள். வலது கை காற்றில் ஆடியது. அதை ஒரு நைலான் கயிற்றில் கட்டி, கயிற்றின் மறுமுனையைப் பின் கண்ணாடி வழியாக உள்ளே எடுத்துக்கொண்டார் அண்ணன். வண்டியை ஓட்டியது நான்.

முதல் சிக்னலில் பக்கத்தில் ஒரு பஸ் வந்து நின்றது. கட்டட வேலை முடிந்து திரும்பும் ஆட்கள். ஜன்னல் எல்லாம் முகம். ஒருவர் அவளைப் பார்த்துக் கை காட்டினார். அண்ணன் கயிற்றை இழுத்தார். அவள் திருப்பிக் கை காட்டினாள்.

பஸ்ஸே ஆடிவிட்டது பிள்ளைகளா! விசில் என்ன, கைதட்டல் என்ன. பச்சை விழுந்தும் பஸ் நகரவில்லை, டிரைவரும் போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அடுத்த சிக்னலில் ஒரு பெரிய காரில் ஓர் அரபிக் குடும்பம். சின்னக் குழந்தை கை காட்டியது. இழுத்தார். அவள் காட்டினாள். அதற்கப்புறம் அல் அவீர் வரைக்கும் அண்ணன் கயிற்றை விடவில்லை.

"டேய் செல்வம், இத்தனை வருஷம் இந்த ஊர்ல இருக்கேன், ஒருத்தன் எனக்குக் கை காட்டினதில்லை. வந்த அன்னைக்கே இவளுக்குப் பாரு."

சிரித்துச் சிரித்து எனக்கு ரோடு தெரியவில்லை.

சூரியன் இறங்குகிறது

தோட்டத்தில் மேடத்தின் நண்பர்கள் கூடியிருந்தார்கள். ஒரு பெரிய தட்டில் அந்த ரஷ்யத் தோசைகள் அடுக்கி மூடியிருந்தன. அது ரமலான் மாதம். தண்ணீர் டேங்கரோடு வந்திருந்த குல் கான் பாய் நோன்பு வைத்திருந்தார். அதனால் பாங்கு சொல்லும்வரை ஒருவரும் தட்டைத் திறப்பதில்லை என்று மேடம் முதலிலேயே சொல்லிவிட்டார்.

நான் ஸ்டாண்டு நிறுத்திக்கொண்டிருந்தேன். மேடம் ஊன்றுகோலோடு என் எதிரில் வந்து நின்று, இடுப்பு வரை குனிந்தார். "செல்வம், என்னை மன்னித்துவிடுங்கள்" என்றார். ஸ்டாண்டு சாயாமல் வைக்கும் மணல்மூட்டை என் கையிலிருந்து நழுவிவிட்டது. வேலையை கேன்சல் செய்யப் போகிறார் என்றே நினைத்தேன். அப்புறம் பார்த்தால் எல்லாரும் எல்லாரிடமும் குனிந்துகொண்டிருக்கிறார்கள். பெரிய நோன்புக்கு முந்தின இந்த ஞாயிறு அவர்களுக்கு மன்னிப்பு ஞாயிறாம். ஒருவர் மன்னிப்புக் கேட்பார். மற்றவர் "கடவுள் மன்னிப்பார், நானும் மன்னிக்கிறேன்" என்பார்.

அண்ணன் என் காதில் கேட்டார். "என்னடா தப்புப் பண்ணுச்சு அந்தம்மா?"

"ஒண்ணும் பண்ணலைண்ணே. வருஷம் பூரா பண்ணதுக்கெல்லாம் சேர்த்து இன்னைக்குக் கேட்டுக்குவாங்களாம்."

"நல்ல ஏற்பாடா இருக்கே. மொத்தமா முடிஞ்சிரும்."

குல் கான் பாயிடமும் மேடம் குனிந்தார். அவர் பதறிப்போய் நெஞ்சில் கை வைத்து, "மாஃப், மாஃப்" என்று அவரைவிடக் கீழே குனிந்தார்.

இப்போது வேலை விஷயம் கொஞ்சம். தீயைப் படம் எடுப்பதற்கு ஒரு நேரம் உண்டு. வெயில் அடிக்கும்போது எடுத்தால் தீ தெரியாது. இருட்டியபின் எடுத்தால் தீ வெள்ளைத் திட்டாக விழும், சுற்றி நிற்பவர்கள் கறுப்பாகிவிடுவார்கள். சூரியன் இறங்கும்போது வானத்தில் கொஞ்சம் நிறம் மிச்சமிருக்கும் பாருங்கள், அந்தச் சின்ன இடைவெளியில் முடிக்கவேண்டும். அதுவும் போக, டேங்கர் நின்றால்தான் தீ என்பது அர்பாப் போட்ட கண்டிஷன். குல் கான் பாய் நோன்பு திறக்கத் தன் கேம்புக்குப் போகவேண்டும்.

"பாய், ஜல்தி கரோ. சூரஜ் ஜா ரஹா ஹை" என்று, சூரியன் போகிறது, சீக்கிரம் என்று, அவர் மேற்கே கை காட்டிக்கொண்டே இருந்தார்.

நான் லைட் பார்த்தேன். மேடம் கேமராவோடு நாற்காலியில் உட்கார்ந்தார். ஆட்கள் வளையமாக நின்றார்கள். மேடம் தீப்பெட்டியை அண்ணனிடம் நீட்டி, "செய்தவரே ஏற்றட்டும்" என்றார்.

அண்ணன் குச்சியை எடுத்தார். அவளை நிமிர்ந்து பார்த்தார். சாய்ந்த வெயில் நேராக அவள் முகத்தில் அடித்தது. கண் பளபளத்தது. பொட்டு சும்மா ஜொலிக்கிறது.

குச்சியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

"செல்வம். நான் மாட்டேன்டா."

"அண்ணே, நேரம் ஆகுது."

"கண்ணு திறந்தாச்சு. பொட்டு வச்சாச்சு. சூடம் காட்டியாச்சு. இப்ப கொளுத்துன்னா எப்படிடா? நீ கொளுத்து பாப்போம்."

தீப்பெட்டியை என் கையில் திணித்தார். நானும் அவளைப் பார்த்தேன். எலுமிச்சம்பழம் நான் கட்டினது. தீப்பெட்டி சுட்டது எனக்கு.

"மேடத்தையே வைக்கச் சொல்லுவமாண்ணே?"

"பூஜை போட்டது நாம. பழியை அந்தம்மா தலையில போடுறியா? கால் வேற சரியில்லாத பொம்பளை."

வேறு வழியில்லாமல் மேடத்திடம் உள்ளதைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் எழுந்துவிட்டார்.

"சாமிக்குச் செய்வதெல்லாம் செய்துவிட்டீர்களா?"

"ஆமாம் மேடம். தெரியாம இல்லை, பழக்கத்துல."

"அப்படியானால் நானும் எரிக்கமாட்டேன்" என்றார். "எங்கள் கிராமத்தில் சாமி படம் எவ்வளவு பழசானாலும் நெருப்பில் போடமாட்டார்கள். ஆற்றில் விட்டு அனுப்பிவைப்பார்கள்." சொல்லிவிட்டு லென்ஸின் மூடியை எடுத்து மாட்டினார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். மனசுக்குள் அந்தக் காலிப் பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

பிள்ளைகளா, ஒரு பொட்டு. ஒரே ஒரு பொட்டு. அதனால் ஒருவருடைய புத்தகம் முடியாமல் நிற்கிறது.

உத்தரவு

"என்னடா சொன்னாங்க?" என்றார் அண்ணன். சொன்னேன்.

"ஆத்துல விட்டு அனுப்பிவைப்பாங்களா?" அண்ணனுக்கு முகம் மாறியது. "அட, அப்ப அவங்களும் அனுப்பிவைக்கிறவங்கதானா! டேய், நாம மட்டும் கூப்பிட்ட சாமியை அங்கேயேவா வச்சுக்கிட்டு இருக்கோம்? திருவிழா முடிஞ்சா மலையேத்துறதில்லை? இவளையும் மலையேத்திட்டா, அப்புறம் இருக்கிறது வைக்கோல்தானே?"

மேடத்திடம் ஓடினேன். அவரும் யோசித்து, "இன்று மன்னிப்பு நாள். முதலில் அவளிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள்" என்றார்.

அண்ணன் செருப்பைக் கழற்றினார். தலைப்பாகைத் துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார். மேடம் குனிந்த மாதிரியே அவரும் குனிந்தார். "ஆத்தா, நீ யாரோ எந்த ஊரோ, தெரியாது. பழக்கதோஷத்துல கூப்பிட்டுட்டோம். மன்னிச்சுக்க. இந்தம்மாவுக்கு ஒரே ஒரு போட்டோ பாக்கி இருக்கு. உத்தரவு குடுத்துட்டு மலையேறிரு தாயி."

பிறகு காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். கவுளி சொல்லவேண்டும், அதாவது பல்லி சத்தம் கேட்டால்தான் உத்தரவு. ரஷ்யாக்காரர்கள் எல்லாரும் மூச்சுவிடாமல் நின்றார்கள். எதற்கு நிற்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. குல் கான் பாய்கூட டேங்கரை ஆஃப் செய்துவிட்டார். மணலில் கவுளிக்கு எங்கே போவது? சூரியன் மணல்மேட்டில் உட்கார்ந்துவிட்டது.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் ஒட்டகம், அடிவயிற்றிலிருந்து, "ஓ...ங்...ங்" என்றது.

"கெடைச்சிருச்சு!" என்றார் அண்ணன்.

"அண்ணே, அது ஒட்டகம்."

"ஓலை இல்லாத ஊர்ல குச்சிதான்டா ஓலை. நீதானே மொழிபெயர்த்துச் சொன்னே?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதை மேடத்திடம் சொன்னேன். மேடம் ஊன்றுகோலை மணலில் போட்டுவிட்டுச் சிரித்தார். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. ஏணியில் ஏறி, துண்டின் நுனியால் பொட்டை மெதுவாகத் துடைத்தார். எலுமிச்சம்பழத்தை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இறங்கிவந்து தீப்பெட்டிக்குக் கையை நீட்டினார்.

"இப்பக் குடு."

கராமாச் சேலை முதலில் பிடித்தது. கீழிருந்து ஓர் ஆரஞ்சு நிறம் ஏறி, ரஷ்யப் பாவாடையைத் தாண்டி, தோள் வரைக்கும் வந்து, குப்பென்று வானத்துக்குப் போனது. மேடத்துக்குப் பனியில் பழகிய கை, நிற்காமல் கிளிக் அடித்தார். "லெஃப்ட், செல்வம், லெஃப்ட்!" நான் ரிஃப்ளெக்டரோடு ஓடினேன். வளையம் சுற்ற ஆரம்பித்தது. கும்பிட்டுக்கொண்டு நின்ற அண்ணனை யாரோ இழுத்தார்கள், அண்ணன் என்னை இழுத்தார். நான் ரிஃப்ளெக்டரை விடாமல் ஆடினேன். கயிறு கட்டிய கை தீயில் ஒருதரம் மேலே எழுந்தது. "பாருடா, போகும்போதும் கை காட்டிட்டுப் போறா!" என்று கத்தினார் அண்ணன். எல்லாரும் அவளுக்குக் கை காட்டினோம்.

தூரத்தில் பாங்கு கேட்டது. ஆட்டம் நின்றது. குல் கான் பாய் தீயை விட்டுவிட்டு எப்படிப் போவார்? அங்கேயே பேரீச்சம்பழத்தை வாயில் வைத்து நோன்பு திறந்தார். மேடம் தட்டைத் திறந்து முதல் தோசையை அவருக்குக் கொடுத்தார். அடியில் இருந்த, முதலில் சுட்ட ஒன்று பிய்ந்துபோயிருந்தது. தங்கள் ஊரில் முதல் தோசை எப்போதும் பிய்ந்துதான் வரும், அப்படி ஒரு பழமொழியே உண்டு என்றார். "எந்த ஊர்லயும் கல்லு ஒண்ணுதான்" என்று அண்ணன் அந்தப் பிய்ந்ததைத் தானே எடுத்துக்கொண்டார்.

புத்தகம் வந்துவிட்டது. லீவில் வரும்போது கொண்டுவருகிறேன். கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். தீயைச் சுற்றி எல்லாரும் ஆடும்போது ஒருவர் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நிற்பார். உங்கள் பெரியப்பா. இடது ஓரத்தில் வெள்ளையாக ஒரு துண்டு தெரியும். அது என் ரிஃப்ளெக்டர். அசிஸ்டென்ட் வேலையில் ஃபிரேமுக்குள் தெரிவது தப்பு. மேடம் வெட்டவில்லை, விட்டுவிட்டார்.

இதில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். எதற்காவது பொட்டு வைக்கும் முன்னால் அது எங்கே போகப் போகிறது என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். யோசிக்காமல் வைத்துவிட்டால், எடுக்கும்போது கேட்டுவிட்டு எடுங்கள். அவ்வளவுதான்.

மறுநாள் காலை இடத்தைச் சுத்தம் செய்ய நான் மட்டும் போனேன். ஒட்டகம் தின்றுவிடாமல் ஆணியையும் கம்பியையும் பொறுக்கவேண்டும். பொறுக்கி முடித்தேன். அவள் நின்ற இடத்தில் சாம்பல் மெத்தென்று கிடந்தது. தங்கள் ஊரில் அதை வயலில் தூவுவார்கள், விளைச்சல் நன்றாக வரும் என்று மேடம் சொல்லியிருந்தார். வாளியில் அள்ளி, அர்பாப் ஒட்டகத்துக்குப் போட்டிருக்கும் புல்பாத்தியில் கடைசி வரைக்கும் நடந்து தூவினேன். அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. மூன்று விரலில் தொட்டு நெற்றியில் பூசிக்கொண்டேன். வண்டிக் கண்ணாடியில் பார்த்தால் கொஞ்சம் கோணலாக இருந்தது. நேராக்கிக்கொண்டு, டியூட்டிக்கு வண்டியை எடுத்தேன்.